சோலாருக்கு வைத்த பொட்டு

கல்லுமலைத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான பத்தாம் நம்பர் லயத்தில் பிரேமலதாவை விட்டால் வேறு யாருக்கும் இந்த யோசனை வந்திருக்காது. வந்திருந்தாலும் ஏணி வைத்து ஏறியிருக்க மாட்டார்கள். அவளுக்கு ஒன்று தோன்றிவிட்டால் தோன்றியதுதான். பிரம்மாவே இறங்கி வந்து வேண்டாம் தாயே என்று கும்பிட்டாலும், கொஞ்சம் அந்த ஏணியைப் பிடிங்க சாமி என்று அவரிடமே வேலை வாங்கிவிடுவாள்.

முதலில் கிரைண்டரின் கதையைச் சொல்லிவிட வேண்டும். அவள் புருஷன் அழகமுத்து கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் இருக்கிறான். முதலாளி புது மெஷின் வாங்கியதும் பழைய கிரைண்டரை இவனுக்குக் கொடுத்துவிட்டார். இவனும் வாயெல்லாம் பல்லாக, அதைக் கைக்குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டே ஓப்பநாயக்க வரைக்கும் பஸ்ஸில் வந்து, அங்கிருந்து த்ரீவீலரில் ஏற்றி, லயத்து வாசலில் இறக்கிவிட்டு, மறுநாளே வேலைக்குத் திரும்பிப் போனான்.

பிரேமலதாவுக்குத் தலைகால் புரியவில்லை. பதினைந்து வருஷமாகக் கொழுந்து பறிக்கிறாள். மழையில் வழுக்குகிற மலையில் கூடையோடு ஏறி, அட்டைக்கு ரத்தம் கொடுத்து, சாயங்காலம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்குவது அவளுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. இந்த நேரம் பார்த்து ஓப்பநாயக்க டவுனில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் நிஸார், கோயில் திருவிழாவில் அவள் சுட்ட தோசையைத் தின்றுவிட்டு அசந்து போயிருந்தார். பலாங்கொடையிலிருந்து வரும் மாவு வந்து சேர்வதற்குள் புளித்து நாறுகிறதாம். தினமும் ஒரு பெரிய வாளி மாவு தர முடியுமா என்று கேட்டார். விஜயதசமிக்கு மறுநாள் காலையில் முதல் வாளி வந்துவிட வேண்டும்.

"வராட்டி நான் பலாங்கொடக்காரனுக்கே நிரந்தரமா குடுத்துருவேன், தங்கச்சி. மாவு இல்லாம காலையில கட தொறக்க ஏலாது" என்றார்.

அவள் சரி என்று சொல்லிவிட்டாள். ஒரு வாளி மாவை ஆட்டுக்கல்லில் ஆட்டினால் அப்புறம் தோளில் கை இருக்காது. ஆனால்தான் என்ன, கிரைண்டர் இருக்கிறதே.

கிரைண்டர் இருந்தது. அதைப் போட்டதும் லயம் இருட்டானது. பன்னிரண்டு வீட்டுக்கும் ஒரே கூரை, ஒரே மீட்டர், ஒரே மெயின் சுவிட்ச். எல்லாம் வெள்ளைக்காரன் காலத்து வயர் என்பார் சங்கத்துத் தலைவர் வேலுசாமி. வெள்ளைக்காரன் காலத்தில் லயத்தில் குப்பி லாம்புதான் எரிந்தது என்று யாரும் அவருக்கு எடுத்துச் சொல்வதில்லை. முதல்முறை அவள் கிரைண்டரைப் போட்டது ராத்திரி நாடகம் ஓடுகிற நேரம். மாமியார்க்காரி விஷம் கலந்த பாயசத்தை மருமகள் கையில் கொடுக்கிறாள், பொத்தென்று பன்னிரண்டு டிவியும் அணைந்து போயின. அந்த மருமகள் குடித்தாளா இல்லையா என்று பத்தாம் நம்பர் லயத்துக்கு இன்றைக்கு வரைக்கும் தெரியாது. பகலில் போட்டுப் பார்த்தாள். யாரோ ரைஸ் குக்கர் வைத்திருந்தார்கள், மறுபடியும் பொத்தென்று போனது. மூன்றாம் தடவை லயமே கூடி நின்று, இனிமேல் அந்தச் சனியனைப் போடக் கூடாது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது.

இத்தனைக்கும் தலைக்கு மேலே சோலார் இருந்தது. கேலியைப் பாருங்கள். போன வருஷம் ஏதோ வெளிநாட்டு அமைப்பு தோட்டத்து மக்களுக்கு என்று கொடுத்ததாகச் சொல்லி, லயத்தின் நீளக் கூரை முழுக்கப் பலகை பலகையாகக் கண்ணாடி பொருத்தினார்கள். தோட்டத்து மேனேஜர் தொரை வந்து ரிப்பன் வெட்டி, இனிமே ஒங்க லயத்துக்கு வெயில் கரண்ட்டு என்று தமிழிலேயே பேசினார். கொக்கிஸ் பலகாரம் கொடுத்தார்கள். வயர்கள் எல்லாம் கூரையிலிருந்து இறங்கி, கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற பிள்ளைக் காம்பராவுக்குப் பின்னால் ஒரு சின்ன அறைக்குள் போயின. அறைக்குப் பச்சைக் கதவு, கதவுக்குப் பூட்டு.

அன்றிலிருந்து தங்கள் வீட்டு பல்பு வெயிலில்தான் எரிகிறது என்று லயம் மனதார நம்பியது. நம்பிக்கையோடு நிற்காமல் ஆராய்ச்சியும் நடந்தது. வெயில் கரண்ட் கொஞ்சம் சாதுவானது, பல்பையும் டிவியையும் தாங்கும், கிரைண்டரைக் கண்டால் மிரண்டுவிடும் என்றார் வேலுசாமி. மழைநாளில் டிவியில் முகங்கள் எல்லாம் சோகமாகத் தெரிகின்றன என்றாள் பக்கத்து வீட்டு மரியம்மா. வெயில் கரண்டில் அயர்ன் பண்ணிய சட்டையில் சூடு ரொம்ப நேரம் நிற்கிறது என்று ஒருத்தர். இப்படி ஆளுக்கொன்று. சம்பளத்தில் லைட்டுக்கு வெட்டுவது மட்டும் ஏன் குறையவில்லை என்று ஒருவரும் கேட்கவில்லை.

நிச்சயமாகத் தெரிந்த விஷயம் ஒன்றே ஒன்றுதான். கூரை ஒழுகியது. கண்ணாடிப் பலகைகளை நிறுத்துவதற்காகத் தகரத்தில் ஓட்டை போட்டு ஆணி முடுக்கியிருந்தார்கள். பிரேமலதாவின் முன்னறைக்கு நேர் மேலே நாலு ஆணி. மழை வந்தால் நாலு ஆணியும் சேர்ந்து மழை கொட்டும். அவள் பேசின் வைத்துப் பிடித்துக்கொண்டு, கரண்ட் வேண்டுமென்றால் கொஞ்சம் நனையத்தான் வேண்டும் என்று மனதைத் தேற்றிக்கொள்வாள்.

ஆயுத பூஜை வந்தது. மறுநாள் விஜயதசமி, அதற்கு மறுநாள் நிஸாரின் வாளி. அவள் விடியற்காலையிலேயே எழுந்து கொழுந்துக் கூடைக்குப் பொட்டு வைத்தாள். தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்திக்கு வைத்தாள். ஓடாத கிரைண்டருக்குப் பெரிய பொட்டாக வைத்து, கண்ணீர் முட்ட ஒரு கும்பிடும் போட்டாள். மரியம்மாவின் மகன் டெனிஸ், தேயிலை அரைக்கிற ஸ்டோரில் கரண்ட் வேலை பார்க்கிறவன், அவன் மோட்டார் சைக்கிளுக்கும் ஒரு பொட்டு. அப்போதுதான் அவள் தற்செயலாக நிமிர்ந்து கூரையைப் பார்த்தாள்.

"மரியம்மாக்கா" என்றாள். "எல்லாத்துக்கும் பொட்டு வெச்சோம். மேல இருக்கறத மறந்துட்டோமே. போன வருஷமும் வெக்கல. அதான் அது கோவிச்சுக்கிட்டு இருக்கு."

மரியம்மா ஞாயிறு தவறாமல் மாதா கோவிலுக்குப் போய் முட்டி போடுகிறவள். ஆனாலும் சுண்டல் உள்ள இடத்தில் அவளுக்கு மத பேதம் கிடையாது. அவள்தான் போய் ஏணி கொண்டு வந்தாள். ஏணியைப் பிடித்தபடியே அந்தோனியாரிடமும் ஒரு வார்த்தை சொல்லி வைத்தாள்.

அப்புறம் நடந்ததைச் சும்மா சொல்லக் கூடாது, பெருமாளுக்குக்கூட அப்படி ஓர் அலங்காரம் நடந்திருக்காது. பெண்கள் வரிசையாக நின்று சந்தன வாளியைக் கை மாற்றிக் கொடுத்தார்கள். ஒவ்வொரு கண்ணாடிக்கும் குறுக்கே உள்ளங்கை அகலத்தில் மூன்று பட்டை விபூதி. நடுவில் சாசர் அளவு சந்தனம், அதன்மேல் குங்குமம். ஒவ்வொன்றுக்கும் செவ்வந்தி மாலை. தன் வீட்டுக்கு மேலே இருக்கிறவைதானே தன் கிரைண்டரை ஓட்ட வேண்டும் என்று அவற்றுக்கு மட்டும் தோசை அளவுக்குச் சந்தனம் வார்த்தாள் பிரேமலதா. கீழேயிருந்து வேலுசாமி கர்ப்பூரம் காட்டினார். இரண்டு நாளாக மூடிக் கிடந்த வானம் அன்றைக்கு என்று பளிச்சென்று வெளுத்திருந்தது. மஞ்சளும் சிவப்புமாகக் கூரை ஜொலிக்க, லயமே முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்த்துப் பூரித்துப் போனது.

உச்சி வெயில் நேரத்தில், மேலே பங்களாவில் சமைக்கிற றம்ஸீன் மலைப்பாதையில் தலைதெறிக்க ஓடி வந்தான். பெரிய பங்களாவில் இப்போது தொரை இருப்பதில்லை. அது வெளிநாட்டுக்காரர்கள் வந்து தங்குகிற இடமாகிவிட்டது. நீச்சல் குளம், ஏசி எல்லாம் உண்டு. றம்ஸீன் நெஞ்சோடு ஒரு பெரிய ஐஸ்கிரீம் டப்பாவை அணைத்திருந்தான். அது உருகி அவன் சட்டையெல்லாம் வழிந்துகொண்டிருந்தது.

அவன் மூச்சு வாங்க வாங்கச் சொன்னதன் சாரம் இது. பங்களாவில் கரண்ட் பொட்டி கீச்சுக் கீச்சென்று கத்திவிட்டு அணைந்து போய்விட்டது. ஏசி இல்லை, குளத்து மோட்டர் இல்லை, பிரிட்ஜும் இல்லை. வெள்ளைக்கார ஜோடி துண்டோடு வெளியே வந்து நிற்கிறது. என்னடா என்று இவன் கீழே எட்டிப் பார்த்தால், லயத்துக் கூரை பட்டையும் பொட்டுமாகச் சிரிக்கிறது.

"அக்கா, அத கொஞ்சம் தொடச்சு விடுங்க அக்கா, ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்றான்.

வேலுசாமியின் வீட்டுக்குள்ளே டிவி தன் பாட்டுக்குப் பாடிக்கொண்டிருந்தது. பிரேமலதா அந்தப் பக்கம் பார்த்தாள், கூரையைப் பார்த்தாள், பிறகு மலை உச்சியில் இருந்த பங்களாவைப் பார்த்தாள். சந்தனக் கையை முந்தானையில் மெதுவாகத் துடைத்தாள்.

"பொட்டு வெச்சது எங்க கூரையில" என்றாள். "எங்க லைட்டு எரியுது, டிவி பாடுது. பங்களாவுல ஏன் தம்பி கரண்ட்டு போச்சு?"

ஒங்களுக்குத் தெரியாதா அக்கா என்று றம்ஸீன் முனகினான். பச்சைக் கதவு அறையிலிருந்து வயர் மண்ணுக்கடியில் நேரே பங்களாவுக்குத்தான் போகிறது. போன வருஷத்திலிருந்தே அப்படித்தான். லயம் என்றைக்கும் போலப் பழைய கம்பி கரண்டில்தான் எரிகிறது. எல்லோருக்கும் தெரியும் என்றல்லவா அவன் நினைத்துக்கொண்டிருந்தான்.

வேலுசாமியின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. சாதுவான கரண்ட் பற்றி ஒரு வருஷம் பிரசங்கம் பண்ணின மனுஷன் அல்லவா. முதலில் யாரோ கிளுக்கென்று சிரித்தார்கள். அது பரவி, லயமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. சிரிப்பும் ஆத்திரமும் ஒன்றாக வந்தால் பசிக்கும் போலிருக்கிறது. உருகுகிற ஐஸ்கிரீமை வீணாக்குவானேன் என்று சுண்டல் கிண்ணங்களோடு எல்லோரும் றம்ஸீனைச் சூழ்ந்துகொண்டார்கள். அவனும் போனால் போகிறது என்று கரண்டி கரண்டியாக அள்ளிப் போட்டான்.

டப்பா காலியாகும்போது தொரையின் ஜீப் வந்து நின்றது. தொரை சிங்களவர். தமிழ் நன்றாகவே பேசுவார், எழுத்துக்கூட்டிப் படிப்பது மாதிரி இருக்கும், அவ்வளவுதான். அண்ணாந்து கூரையைப் பார்த்தார். பிறகு, உடனே துடைக்க வேண்டும் என்றார்.

பிரேமலதா பணிவாகக் கை கட்டிக்கொண்டு நின்றாள். பூஜைக்கு வைத்த சாமானை மறுநாள் பூஜை முடிகிற வரைக்கும் தொடக் கூடாது என்பது தொரை அறியாததா. காலையில் ஸ்டோரில் தொரையே தேங்காய் உடைத்து, நாளை வரைக்கும் மெஷினில் யாரும் கை வைக்கக் கூடாது என்று உத்தரவு போட்டாரே. ஸ்டோர் மெஷின் மட்டும்தான் சாமியா, லயத்து சோலார் சாமி இல்லையா.

தொரை அவளைப் பார்த்தார். பிறகு கெட்டிக்காரத்தனமாக வானத்தைப் பார்த்தார். மேற்கே ஒரு கறுப்பு மேகம் எழும்பிக்கொண்டிருந்தது. மழைக்குப் பேர்போன இரத்தினபுரி மாவட்டத்தில் பிறந்து வளர்ந்தவருக்கு இதற்குமேல் என்ன வேண்டும்.

"ஹரி, சரி, நான் காத்திருக்கிறேன்" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் சாய்ந்து நின்றார்.

லயத்துக்குப் புரிந்துவிட்டது. இந்த ஜனம் பிறந்த நாளிலிருந்து மழையைத் திட்டிக்கொண்டிருக்கும் ஜனம். அன்றைக்கு முதல்முறையாக, மழை வேண்டாம் தாயே என்று மாரியம்மனைக் கெஞ்சியது. மரியம்மா ஜெபமாலையை எடுத்துவிட்டாள். மாரியம்மன் காதில் எதுவும் விழவில்லை. சடசடவென்று பிடித்துக்கொண்டது பாருங்கள் ஒரு மழை. சந்தனமும் குங்குமமும் கரைந்து, கூரை விளிம்பில் மஞ்சளும் சிவப்புமாக ஒழுகி, முற்றமே மஞ்சள் நீராட்டு விழா மாதிரி ஆகிவிட்டது. மாலைகள் பிய்ந்து மிதந்து போயின. பிரேமலதா மிதந்து போகிற மாலைகளையே பார்த்தாள். பொட்டு போனால் பேச்சும் போச்சு, நிஸாரின் வாளியும் போச்சு. திரும்பவும் மலை, திரும்பவும் கூடை.

நனைந்துபோன தொரை ஓடி வந்து நுழைந்தது அவளுடைய முன்னறைக்குள். தலையைத் துவட்ட அவளே துண்டு கொடுத்தாள். தொரை சிரித்த முகமாகப் போனை எடுத்து, பங்களாவுக்கு ஓடிப்போயிருந்த றம்ஸீனிடம் கரண்ட் வந்ததா என்று கேட்டார். ஸ்பீக்கரில் றம்ஸீன் குரல் எல்லோருக்கும் கேட்டது. இல்ல சேர், கண்ணாடி எல்லாம் பளபளப்பாத்தான் இருக்கு, ஆனா வெயில் எங்க சேர் இருக்கு.

பிரேமலதா வாசலை எட்டிப் பார்த்தாள். வானம் கும்மென்று இருண்டு கிடந்தது. பொட்டைக் கழுவின மேகமேதான் வெயிலையும் மறைத்துக்கொண்டு நின்றது. அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டு திரும்பினாள். அப்போது தொரையின் உச்சந்தலையில் சொட்டென்று ஒரு துளி. அவர் நகர்ந்தார், அங்கேயும் சொட்டு. நாலு ஆணியும் வேலையை ஆரம்பித்துவிட்டன.

அவள் பேசினை எடுத்து அவர் காலடியில் வைத்தாள்.

"இந்தப் பக்கம் வந்துக்குங்க தொரை. அது சோலாருக்குப் போட்ட ஓட்டை. ஒரு வருஷமா பேசின் வெச்சுத்தான் புடிக்கிறேன். எங்களுக்குக் கரண்ட்டு வருதுன்னு நெனச்சுக்கிட்டு, ஒரு நாளும் வாயத் தொறக்கல." அவள் கூரையைக் கை காட்டினாள். "ஒழுகறது எங்களுக்கு, வெயில்ல வர்றது பங்களாவுக்கா தொரை? இது எந்த ஊரு நியாயம்?"

தொரை பேசினை விட்டு நகர்ந்து நின்றார். அவர் கெட்ட மனுஷன் இல்லை. லயத்து வயரை மாற்றின பிறகு இணைப்புக் கொடுக்கலாம், அதுவரைக்கும் பங்களாவுக்கு ஓடட்டும் என்று கம்பனியில் சொன்னார்கள். அப்புறம் விருந்தாளிகள் வந்தார்கள், நாள் போனது, அவருக்கு மறந்து போனது. அவர் தலையில்தான் ஒரு சொட்டும் விழுந்ததில்லையே. இதையெல்லாம் அவரே தட்டுத் தடுமாறிச் சொல்லி முடித்தார்.

"நாளைக்கி விஜயதசமி" என்றாள் பிரேமலதா. "சந்தனம் இன்னும் அரை வாளி இருக்கு."

தொரை அவளை உற்றுப் பார்த்தார். அவர் உதடு துடித்தது. கோபம்தான் வரப்போகிறது என்று வேலுசாமி ஓரமாக ஒதுங்கினார். ஆனால் தொரைக்கு வந்தது சிரிப்பு. துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தார். பிறகு டெனிஸைக் கூப்பிட்டு, பச்சைக் கதவு அறையிலிருந்து லயத்துக்கு எவ்வளவு வயர் வேண்டும் என்று கேட்டார். அந்த அறைக்கும் லயத்துச் சுவருக்கும் நடுவே ஒரு வாழை மரம்தான் நிற்கிறது என்றான் டெனிஸ். மலை உச்சி வரைக்கும் ஏறிப்போன கரண்டுக்கு, பக்கத்துச் சுவரைத் தொட ஒரு வருஷமாக வழி தெரியவில்லை. முதலில் லயத்துக்கு, மிச்சம் இருந்தால் பங்களாவுக்கு என்று அங்கேயே பேசி முடித்தார்கள். பச்சைக் கதவின் சாவியும் லயத்தில்தான் இருக்க வேண்டும் என்று வேலுசாமி கறாராகச் சொன்னார். அன்றைக்கு அவர் பேசியதில் அது ஒன்றுதான் உருப்படி.

விஜயதசமி காலையில் டெனிஸ் தடித்த வயராக இழுத்து, பன்னிரண்டு வீட்டுக்கும் தனித்தனி சுவிட்ச் வைத்தான். ஆணி ஓட்டைகளுக்குத் தாரும் அடைத்தான். கூரைக்கு ஏறுவதற்கு முன்னால் பெண்களைக் கூட்டி வைத்து ஒரு பாடம் வேறு. இந்தக் கண்ணாடிகள் எல்லாம் கை கோத்து நிற்கிற மாதிரி. ஒன்றின்மேல் நிழல் விழுந்தால் மற்றதும் சேர்ந்து சோர்ந்துவிடும். பொட்டு வைக்கிறதாக இருந்தால் கண்ணாடியில் வைக்காதீங்க, சுற்றியிருக்கிற சட்டத்தில் வையுங்க, சாமிக்கும் குறையில்ல, கரண்டுக்கும் குறையில்ல என்றான். பிரேமலதா ஏறிப் போய் ஒவ்வொரு சட்டத்தின் மூலையிலும் கடுகு அளவில் ஒரு பொட்டு வைத்துவிட்டு இறங்கினாள்.

லயமே அவள் வீட்டு வாசலில் திரண்டு நின்றது. ஊறின அரிசியைக் கிரைண்டரில் கொட்டினாள். எல்லா வீட்டிலும் டிவி ஓடிக்கொண்டிருந்தது, வேண்டுமென்றே ரைஸ் குக்கர்களும் வைத்திருந்தார்கள். அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டு சுவிட்சைத் தட்டினாள்.

கடகடவென்று கல் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. ஒரு பல்புகூட அணையவில்லை. மரியம்மா அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதாள், பிறகு இரண்டு பேரும் சிரித்தார்கள். வேலுசாமி, வெயில் கரண்ட் எவ்வளவு முரட்டுக் கரண்ட் என்று அடுத்த பிரசங்கத்தை ஆரம்பித்தார்.

அரிசி முடிந்து உளுந்தைப் போட்ட நேரத்தில் வாசலில் ஒரு தலை தெரிந்தது. றம்ஸீன். மலையிறங்கி வந்த களைப்பில் வேர்த்திருந்தான்.

"அக்கா, மாவு அரைச்சு முடிஞ்சுதா?" என்றான். "குளத்து மோட்டர் போடணுமாம். கேட்டுட்டு வரச் சொன்னாங்க."

பிரேமலதா மாவில் விரலை விட்டுத் தேய்த்துப் பார்த்தாள். நிஸாருக்குப் போகிற முதல் வாளி, கொஞ்சம்கூட நரநரப்பு இருக்கக் கூடாது.

"இல்ல தம்பி, உளுந்து இன்னும் பொங்கல" என்றாள். "அப்படி ஒக்காருங்க. சுண்டல் சாப்பிடுங்க."